என்ன தண்ணி ஊத்துனே?

"இதுக்குப் பேரு எஞ்சினா? ஏம்மா, ஏமாத்தறதுக்கு நாந்தானா கெடச்சேன்?"

ஆறுமுகசாமி போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாண்டித்துரையின் மெக்கானிக் ஒர்க்‌ஷாப் வாசலில் கழற்றிப் போட்ட எஞ்சின் பிளாக். அதற்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம், அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்த சாமியாத்தாள்.

ஆறுமுகசாமியின் சாயப்பட்டறை ஜெனரேட்டரில் எஞ்சின் பிளாக் வெடித்துப் போய்விட்டது. மழைக்காலம் வேறு. கரண்ட் நினைத்தால் போகிறது. துணிக்குச் சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றால் அவ்வளவுதான், துணியெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும். நேற்றே ஒரு லாட் அப்படிப் போயாச்சு. இன்னொன்று போனால் பனியன் கம்பெனிக்காரர் ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றிவிடுவார்.

கிணற்றில் தண்ணீர் இறைத்த அதே மாடல் எஞ்சின் ஒன்று யாரோ ஒரு அம்மாவின் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது என்று புரோக்கர் சொன்னதும், 'முருகா, நீயே காட்டிக் கொடுத்தாய்' என்று கும்பிட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

பாண்டித்துரை மண்ணெண்ணெய்த் துணியால் நம்பரைத் துடைத்துப் பார்த்தான். "அதே மாடல்தாண்ணே." சுத்தியலால் தட்டினான். கணீரென்றது. "விரிசலும் இல்லண்ணே."

ஆறுமுகசாமிக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் பாண்டித்துரை உள்ளே பிஸ்டன் ஓடும் குழாயான லைனரை உருவினான். உதட்டைப் பிதுக்கினான்.

"இங்கிட்டுப் பாருங்கண்ணே. எஞ்சின் சூடேறாம இருக்கத் தண்ணி சுத்தி வர்ற எடம் பூராம் உப்பு அரிச்சிருச்சு. வெரல வச்சா உதிருது. இதுல எஞ்சினக் கட்டுனா ஆயில்ல தண்ணி எறங்கிரும். ஆகாதுண்ணே."

அதற்குத்தான் அந்தச் சத்தம்.

"என்ன தண்ணி ஊத்துனே இதுக்கு?" கோபத்தில் அவர் பேச்சிலிருந்து 'ங்க' கழன்று விழுந்திருந்தது.

"கெணத்துத் தண்ணிதானுங்க. எஞ்சினுக்குப் பாலா ஊத்துவாங்க?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். ஆறுமுகசாமிக்கு இன்னும் ஏறியது.

"வாயப் பாரு! நானெல்லாம் என்ற ஜெனரேட்டருக்கு லாரித் தண்ணி வெலைக்கு வாங்கி ஊத்தறேன். தோட்டங்காடு வெச்சிருக்கறவளுக்கு உப்புத் தண்ணி எது, நல்ல தண்ணி எதுன்னு தெரியாதா?"

"நல்ல தண்ணியாத்தானுங்க இருந்துச்சு."

"அப்பறம் உப்பு எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து கொட்டுச்சா? மனசறிஞ்சு சொல்லு. அரிச்சுப் போன இரும்ப நல்ல எஞ்சினுன்னு அடுத்தவன் தலையில கட்டறயே, சாமி கண்ணக் குத்தாது?"

சாமியாத்தாள் முகம் சிவந்துவிட்டது.

"உள்ள அரிச்சிருக்கறது எனக்குத் தெரியாதுங்க. சாமிய எல்லாம் இழுக்காதீங்க. உங்க பட்டறை எதுங்க?"

"ஏன், ஆள் கூட்டிட்டு வரப் போறயா? ஓடைக்கரையில, கன்னிமார் கோயிலுக்குப் பக்கத்துல. நல்லாப் போயி விசாரி! இந்த ஆறுமுகசாமி ஆரு குடியவாவது கெடுத்திருக்கானான்னு கேட்டுப் பாரு."

பாண்டித்துரை அவசரமாகக் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"ஆரையும் கேக்க வேண்டியதில்லீங்க." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அந்த ஓடையில உங்களுக்குக் கீழ்புறந்தான் எங்க தோட்டம். மழ பேயறப்பெல்லாம் நீங்க தொறந்து உடறீங்களே உப்புக் கலந்த சாயத் தண்ணி, அது எங்க கெணத்துலதானுங்க வந்து ஊறுது. பயிரு பூராக் கருகி, வெள்ளாமையே உட்டுப் போட்டோம். அதனாலதான் எஞ்சின விக்க வந்தேன். வானத்துல இருந்து ஒண்ணும் கொட்டுலீங்க."

ஆறுமுகசாமி சுற்றும் முற்றும் பார்த்தார். டீக்கடைக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது... மழையில கழிவுத் தொட்டி நெறஞ்சு போனா நாங்க என்ன பண்றதுங்க?" போன 'ங்க' திரும்ப வந்திருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "சரி, அது சாயத் தண்ணின்னு தெரியுதல்ல? தெரிஞ்சும் அதையப் போயி ஊத்துவாங்களா? இரும்பே தாங்கலியே, பாத்தயல்ல?"

"இரும்புங்கறதால தொறந்து பாத்துக் கண்டுபுடிச்சுப் போட்டீங்க," என்றாள் சாமியாத்தாள். "எம்பட புள்ளைக ரெண்டும் குடிச்சு வளந்ததும் அதே தண்ணிதானுங்க."