ஒரு துண்டு பிளாஸ்டிக்கூடக் கூடாது

"என்னங்க! இங்க வந்து பாருங்க இந்த அக்கிரமத்தை!"

கிடங்கின் மறுகோடியில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த கணவர், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துக் கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தார்.

யாருக்கும் அடிபடவில்லை. கடல் கடந்து வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அதற்குள் ஆற்று நாணலில் பின்னிய கூடைகள். ஒவ்வொரு கூடையையும் ஒரு சாம்பல் நிற பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து, வாயை நாணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"பிளாஸ்டிக்! இயற்கைப் பொருள் விக்கிற கடைக்கு பிளாஸ்டிக்ல சுத்தி அனுப்பியிருக்காங்க. எவ்வளவு திண்ணக்கம்!"

கடைக்குச் சொந்தக்காரியான அவரை ஊரே 'இயற்கை மேடம்' என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம், கல்லூரி என்று எங்கே மேடை கிடைத்தாலும் பிளாஸ்டிக்கைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டுத்தான் இறங்குவார்.

"பிரிச்சுப் பார்ப்போமே. கூடை நல்லா இருக்கலாம்" என்றார் கணவர்.

"தொடாதீங்க! முதல்ல அந்தம்மாவை ஒரு பிடி பிடிக்கிறேன்."

கூடை பின்னும் குழுவின் தலைவி வீடியோ அழைப்பில் வந்தாள். சின்ன வயதில் இந்த ஊரில் வேலை பார்த்தவள், மொழி நன்றாகவே தெரியும். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் பின்னிக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

"மேடம், சரக்கு வந்துடுச்சா? நனையாம வந்துச்சா?"

"அது கிடக்கட்டும். ஒரு துண்டு பிளாஸ்டிக்கூடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். ஆனா போன தடவை காகிதத்துல சுத்தினோம். கப்பல்ல ஈரம் ஏறி பூஞ்சை பிடிச்சிடுச்சுன்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டீங்களே."

"அதுக்குப் பிளாஸ்டிக்கா?"

"நாங்க வாங்கல மேடம். எங்க ஆத்தங்கரையில வெளிநாட்டுக் குப்பையைக் கொண்டாந்து மலை மாதிரி கொட்டுறாங்க. அதுல கிழியாத கவராப் பொறுக்கி, சோப்பு போட்டுக் கழுவி, வெயில்ல காயவெச்சு..."

"குப்பையா!" மேடத்தின் குரல் உச்சிக்கு ஏறியது. "குப்பையில பொறுக்கினதை என் கடைக்கு அனுப்புவீங்களா? உங்களுக்குப் படியளக்கிற மண்ணு மேல கொஞ்சமாவது அக்கறை இருக்கா? இனிமே உங்க சங்காத்தமே வேணாம். ஆர்டர் ரத்து!"

பின்னிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க. இங்க எல்லார் வீட்டு அடுப்பும் உங்க ஆர்டரை நம்பித்தான் எரியுது. அந்தக் கவர் விஷயமா ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்!" அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

"பாவம், அந்தம்மா என்னவோ சொல்ல வந்துச்சு" என்றார் கணவர்.

"பாவமாம் பாவம்! இப்படி இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத்தான் பூமி நாசமாப் போகுது. பெட்டியை அப்படியே படம் எடுங்க. உலகம் பார்க்கட்டும்."

படம் எடுத்தாயிற்று. 'இயற்கையின் பெயரால் ஒரு துரோகம்' என்று தலைப்புக் கொடுத்து, ஆத்திரம் தீர நாலு பத்தி எழுதி, கடையின் பக்கத்தில் போட்டார். காப்பி ஆறுவதற்குள் பாராட்டு குவிந்தது. 'உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் மேடம்' என்று ஒருவர். 'கவர் எந்தக் கம்பெனியுடையது என்று பார்த்துச் சொல்லுங்கள், அவர்களையும் விடக் கூடாது' என்று இன்னொருவர்.

"சபாஷ், நல்ல கேள்வி!" மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம தலையில குப்பையைக் கொட்டிட்டு ஒளிஞ்சுக்கிட்டிருக்கிற அந்த ஆளோட முகத்திரையையும் கிழிச்சுடணும். இப்பப் பிரிங்க!"

கணவர் கயிற்றை அவிழ்த்தார். கூடை இப்போதுதான் பின்னி முடித்ததுபோல் இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. கவரைப் புரட்டி, உள்பக்கத்தை வெளியே எடுத்தார்.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு? பெரிய கம்பெனியா?"

அவர் கவரை அப்படியே தூக்கிக் காட்டினார்.

பெரிய பச்சை இலை. இலைக்கு நடுவில் கைகூப்பிச் சிரிக்கும் மேடத்தின் முகம். கீழே, 'இந்தக் கவர் மண்ணோடு மண்ணாக மக்கிவிடும்.'

மறுகோடியில், வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய பார்சல்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் அதே இலை, அதே சிரிப்பு.

"நிஜமாவே மக்குற கவர் வாங்கலாம்னு நான் சொன்னேன்" என்றார் கணவர் மெதுவாக. "கட்டுப்படியாகாது, இலையைப் போட்டு அச்சடிச்சாப் போதும், யாரு புதைச்சுப் பார்க்கப் போறாங்கன்னு நீதான் சொன்னே."

மேடம் அடுத்த கவரைப் பிய்த்தார். அதற்கடுத்ததையும் பிய்த்தார். எல்லாவற்றிலிருந்தும் அவரே சிரித்தார்.

போன் சிணுங்கியது. கூடைக்காரி குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"மேடம், நீங்க பேச விடல, அதான் இதுல சொல்றேன். அந்தக் கவருங்க மேல உங்க முகம் இருக்கு. வெளியில தெரிஞ்சா நாலு பேர் உங்களைத் தப்பாப் பேசுவாங்கன்னுதான், எல்லாத்தையும் உள்பக்கமாத் திருப்பிக் கட்டி அனுப்பினோம். எங்களுக்கு ஆர்டர் கொடுக்காட்டியும் போகுது, அதை மட்டும் யாருக்கும் காட்டிடாதீங்க மேடம்."