திறக்காத ஹப்

மலையடிவாரத்தில் ஒரு சைக்கிள் கடை. சுவரில் வாடகைக்கு விடும் இரண்டு பின்சக்கரங்கள் தொங்கின. ஒன்றின் நடுவில், கம்பிகள் வந்து சேரும் இடத்தில், சிவப்பு ஹப், மற்றதில் கறுப்பு ஹப்.

பெடலை மிதித்த கணமே சிவப்பு பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றும். கறுப்பு பிடிக்கக் கால் கொஞ்சம் நகர வேண்டும். ஆனால் அதைக் கையாலேயே திறக்கலாம். மழைக்காலம் முழுக்க மெக்கானிக் தணிகாசலம் வாராவாரம் அதைத் திறந்து, சேற்றைத் துடைத்து, கிரீஸ் வைத்து மூடுவார். சிவப்பைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும். அது அவரிடம் இல்லை.

"மறுபடியும் வைத்தியமா?" என்று சிவப்பு கேட்கும். "எனக்குள்ள இதுவரைக்கும் யாரும் கை வெச்சதில்ல."

"உள்ள சேறு போகுது, திறக்கிறாங்க," என்று கறுப்பு சொல்லும்.

சிவப்புக்குள்ளும் மணல் போயிருந்தது. அது உறுத்தும்போதெல்லாம் சிவப்பு இன்னும் உரக்கப் பேசும்.

ஒரு நாள் சக்கரம் வாடகைக்கு எடுக்க எஸ்தர் வந்தாள். மூன்று நாள் மலைப் பயணம், வழியில் ஒரு கடை கிடையாது. "எதை மாட்டலாம்ணே?"

தணிகாசலம் இரண்டையும் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"சிவப்பு சட்டுனு பிடிக்கும்மா, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா கறுப்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவள் கறுப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் கறுப்பு சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து பழைய இடத்தில் தொங்கியது. இந்த முறை சிவப்பு மெதுவாகக் கேட்டது.

"திறக்கும்போது வலிக்குமா?"