நாற்பத்தொன்றாவது அடி

“நானூத்திப் பன்னெண்டு அக்கா!”

போக்குவரத்து அலுவலகத்தின் மர பெஞ்சு கிறீச்சிட்டது. செல்போனை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினான் தம்பி. “அந்தப் பக்கம் எத்தனை பேர் தெரியுமா? மூணே மூணு. டெபாசிட் காலி!”

தையல்காரியான அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் சிரித்து மாதக் கணக்காகிறது.

டயாலிசிஸ் மையத்தின் வாசலில் இருந்த பஸ் ஸ்டாப்பை எடுத்துவிட்டு, எதிர்க் கடைகளுக்குக் கார் நிறுத்த இடம் கொடுக்கப்போவதாகப் பேச்சு. அடுத்த ஸ்டாப் ஒரு கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள், பிழிந்துபோட்ட துணியாக வெளியே வரும் அவள் கணவனால் அதில் கால்வாசிகூட நடக்க முடியாது.

பொதுமக்கள் அலுவலக இணையப் பக்கத்தில் ஒரு வாரம் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். கடைக்காரர்கள் முதல் நாளே இறங்கிவிட்டார்கள். சோபா கடைக்காரர் எழுதியதில் வரிக்கு இரண்டு தப்பு.

தம்பிக்கு உறவு வட்டாரத்தில் ‘பொன்மொழி’ என்று பெயர். இணையத்தில் யாரோடு மல்லுக்கு நின்றாலும், நாலாவது வரியில் ஏதாவதொரு அறிஞரைக் கூட்டிவந்து நிறுத்திவிடுவான்.

“நீ சொன்னா யாருக்கா கேப்பாங்க? பெரிய ஆளு யாராவது சொன்னதை மேல போடு. கீழ உன் பேரைப் போடு. அப்பத்தான் வெயிட்டு” என்றான்.

“எந்தப் பெரிய ஆளுடா உங்க மாமாவைக் கைத்தாங்கலா பஸ்ஸு வரைக்கும் கூட்டிட்டுப் போனான்? போடா!”

மெஷினை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவளே எழுதினாள்.

‘என் வீட்டுக்காரர் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால் நாற்பது அடி நடப்பார். நான் எண்ணியிருக்கிறேன். நாற்பதாவது அடியில் பஸ் ஸ்டாப் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நாற்பத்தொன்றாவது அடியை அவருக்காக யார் நடப்பது?’

அவ்வளவுதான். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று மையத்து நோயாளிகளின் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டு, அவசர ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தாள்.

கொக்கி வைத்து முடிப்பதற்குள் குழு பற்றிக்கொண்டது. யாரும் பிழை பார்க்கவில்லை. அப்படியே எடுத்து அலுவலகப் பக்கத்தில் ஒட்டினார்கள். அவர்களிடமிருந்து வாங்கி, அக்கம்பக்கத்தாரும் ஒட்டினார்கள். தையல்காரி வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டு வந்து தன்னுடையதைப் பதிந்தாள். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ‘ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது’ என்று ஒரு வரி வந்தது. ஏதோ கம்ப்யூட்டர் பாஷை என்று விட்டுவிட்டாள்.

“மூணாவது மாடிப் பையன், கல்யாணமே ஆகாதவன், ‘என் வீட்டுக்காரர்’னு போட்டிருக்கான்கா!” தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பெரிய ஆளு வேணாம்னு சொன்ன. இப்ப நீதான் பெரிய ஆளு.”

அந்த ஒரு வாரமும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன் வாயிலிருந்து வந்த நாலு வார்த்தையை நானூறு பேர் சொல்கிறார்கள்!

வாரம் முடிந்து, இன்று நேரில் கருத்துக் கேட்கும் நாள். “உள்ள வாங்க” என்று அலுவலர் அறையிலிருந்து குரல் வந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் சோபா கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“ஸ்டாப்பை எடுக்கணும்னு வந்த கருத்து மூணு. எடுக்கக் கூடாதுன்னு வந்தது ஒண்ணு.”

“ஒண்ணா?” தம்பி பாய்ந்தான். “நானூத்திப் பன்னெண்டு சார்! நானே எண்ணினேன்!”

அலுவலர் கோபப்படவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். “எல்லாத்துலயும் ஒரே வரி தம்பி. புள்ளி மாறலை. ஒரே மாதிரி வந்தா மெஷின் அதை ஒரே கருத்தாத்தான் எடுத்துக்கும். முதல்ல வந்ததை வெச்சுக்கும், மத்ததைத் தள்ளிடும். ஏத்துக்கிட்ட கருத்தை எழுதினவங்க மட்டும்தான் இங்க பேசலாம்.”

தையல்காரிக்கு மூச்சு வந்தது. “அப்ப நான் பேசறேன் சார். அந்த ஒண்ணு நான் எழுதினதுதான்.”

அவர் அவளுடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினார். “இல்லையேம்மா. முதல்ல போட்டவர் வேற யாரோ. போன் பண்ணிக் கூப்பிட்டோம், வேலை இருக்குன்னுட்டார். உங்களது முப்பத்தெட்டாவது.”

“சார், அது எங்கக்காவோட வார்த்தை சார்! அவங்ககிட்டேருந்துதான் எல்லாரும் எடுத்தாங்க!”

“காலைலேருந்து ஏழு பேர் இதையே சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

சோபா கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தயாரானார். தையல்காரி மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். கீழே அலுவலக வாசல் பஸ் ஸ்டாப்பில் உட்காரவைத்துவிட்டு வந்த கணவன், ஜெயித்த செய்திக்காக மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“சார்... நாற்பது அடி சார்... நான் எண்ணியிருக்கேன்...”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமான பரிதாபத்தோடு கேட்டார்:

“சொந்தமாச் சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையாம்மா?”