எது நம்மளது

காபிக்கொட்டை வறுக்கிற கடையில், கொட்டையை எப்போது இறக்குவது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு, அங்கே கொட்டை வறுக்கிற வேதாசலத்துக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. வேலை போய்விடும் என்று அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நேற்று ஓர் ஈடு கொட்டை கருகிப்போனது. இன்று முதலாளியம்மா மங்கையர்க்கரசி அவர் முன்னால் இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஒண்ணு நம்ம பில்டர் காபி, இன்னொண்ணு இன்ஸ்டன்ட். எதுண்ணே நம்மளது?”

“என்னம்மா, சின்னப்புள்ள விளையாட்டா?” என்று சிரித்தார். வாசலில் நின்ற கடை ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டையும் குடித்துப் பார்த்தார். இரண்டும் சுட்டன, இரண்டும் கசந்தன. நுரையைப் பார்த்தாவது சொல்லிவிடலாம் என்று குனிந்தார். அவள் அதைக் கரண்டியால் வழித்தெடுத்திருந்தாள். இடதுபக்கத்து டம்ளரைத் தொட்டு, “இதுதான்” என்றார்.

“இன்னொரு தடவ குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அந்தக் குரல் கைகொடுக்கிறதா, மடக்குகிறதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மற்ற டம்ளரை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், விடையைத் தேடி அவள் கண்களையே பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.