பர்கண்டியில் காத்திருக்கிறார்கள்

ஹாஜா நஜ்முதீனின் செல்போன் அடித்தது.

அவர் போய் மூன்று மாதம் தாண்டியும் நசீமா அதைச் சார்ஜரிலிருந்து பிடுங்கவில்லை. சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

சுபுஹு தொழுதுவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள். திரையில் நீளமான வெளிநாட்டு எண்.

எடுப்பதற்கு முன்பே யாரென்று தெரிந்துவிட்டது. இன்றைய தேதி அவளுக்கு மறக்கவில்லை.

"மேடம் நசீமா? நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனில் இருக்கிறோம். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்."

பிரெஞ்சு வாடையடிக்கும் ஆங்கிலம். டூர் வழிகாட்டிப் பெண். பின்னால் ஆட்கள் சிரித்துப் பேசினார்கள், பெட்டிச் சக்கரங்கள் உருண்டன. இங்கே கலிபோர்னியா மில்பிடாஸில் காலை ஏழு என்றால் பிரான்ஸில், பர்கண்டியில் மாலை நாலு.

ஐந்து நாள் நடை, கிராமம் கிராமமாக. பகலெல்லாம் திராட்சைத் தோட்டம், சாயங்காலமானால் ஊருக்கு ஒரு வைன் நிலவறை. நிக்காஹ் ஆகி முப்பதாவது வருஷத்துக்கென்று அவர்தான் புக் பண்ணியிருந்தார்.

"வைன் டூரா? ஊர்ல தெரிஞ்சா ஜமாத்துல நம்ம பேரை வெட்டிடுவாங்க!"

"அவனுங்க குடிக்கட்டும் நசீமா. நாம திராட்சையைத் தின்னுகிட்டே நடப்போம். ஃப்ரீவே பக்கமாவே நடந்து உனக்கும் அலுத்துப்போச்சுல்ல?"

அது போன வருஷக் கடைசியில், 2005இல் பேசியது. ஜனவரியில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மே மாதத்துக்கு இருந்த பயணத்தை அந்த மாதமே அவர் போன் பண்ணிச் செப்டம்பருக்குத் தள்ளினார்.

"அப்பதான் அறுவடையாம். ட்ரீட்மென்ட்டும் முடிஞ்சிருக்கும்" என்றார்.

ஜூன் முதல் வாரத்தில் மவுத்தாகிவிட்டார்.

நசீமா இப்போது இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இருக்கும் இருப்பு. தபாலைக்கூடப் பக்கத்து அபார்ட்மென்ட் மரகதம்தான் கீழேயிருந்து எடுத்துவந்து தருகிறாள். அக்டோபர் நடுவில்தான் முடியும்.

டூரை கேன்சல் பண்ணியிருக்கலாம். ஒரு போன் போதும். ஆனால் அந்தப் போனில் அவள் தன் வாயால் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். ஆபீஸ், பேங்க், இன்சூரன்ஸ், ஊரிலிருக்கிற சொந்தங்கள் என எல்லோரிடமும் டெக்சாஸிலிருந்து மகன் நிஹால்தான் அதைச் சொன்னான். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றி நிஹாலிடம் மூச்சுவிடவில்லை. விட்டால் அங்கேயும் சொல்லிவிடுவான். உலகத்தில் ஏதோ ஒரு மூலையிலாவது அவர் இன்னும் வரப்போகிறவராக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவைத்திருந்தாள்.

"மேடம்? ரயிலைத் தவறவிட்டுவிட்டீர்களா?"

"இல்லையில்லை. வந்துகொண்டே இருக்கிறோம்" என்றாள் நசீமா ஆங்கிலத்தில். "என் கணவருக்கு ஷூ புதுசு, காலைக் கடிக்கிறது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் வருகிறார். நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் பின்னாலேயே வந்துவிடுகிறோம்."

புருஷனைச் சலித்துக்கொள்ளும் குரல். தொண்டையை விட்டுப் போய்விட்டதென்று நினைத்திருந்தாள். கூப்பிட்டதும் வந்து நின்றது.

எதிர்முனையில் அந்தப் பெண் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கவும் மேடம். நீங்கள் மட்டும்தானே வருவதாக இருந்தது? தேதியை மாற்றும்போதே உங்கள் கணவர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நானேதான் அவரிடம் பேசினேன். உங்களுக்குத் தோட்டம் தெரிகிற அறையாகக் கேட்டார். செப்டம்பர் பத்துக்கு முன்னால் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார்."

அதென்ன பத்தாம் தேதிக் கணக்கு என்று நசீமா யோசித்தாள்.

மே மாதம் செக்கப்புக்குப் போயிருந்தபோது, டாக்டர் அவர் தோளைத் தட்டி, ஜனவரியில் உனக்கு ஏப்ரல் கடைசிவரைதான் என்று சொல்லியிருந்தேனே என்று வியந்தார். அப்படி ஒரு கெடு இருந்ததே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

விரலை மடக்கினாள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அதற்கு மேல் பத்து நாள்.

செப்டம்பர் பத்து.

மனுஷன் அவளுடைய இத்தாவை எண்ணியிருக்கிறார். தான் போய், அவள் இருந்து முடித்து, கதவு திறக்கிற நாளைக் கணக்குப் போட்டு, அதற்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஐந்து நாள் நடை வாங்கி வைத்திருக்கிறார்.

எங்கே பிசகியது என்றும் புரிந்தது. மே முழுக்க அவர் இருந்தார். மெக்சிகோ மாம்பழத்தில் நார் அதிகம் என்று குறை சொன்னார். ஹாலிலிருந்து பால்கனிவரை அவள் தோளைப் பிடித்து நடந்து, "பாதி பிரான்ஸ் வந்தாச்சு" என்று மூச்சுவாங்க உட்கார்ந்தார். சாயங்காலம் டீக்கு இரண்டு பிஸ்கட் கேட்டார்.

"மேடம், லைனில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் அவரும் உங்களோடு வருகிறாரா?"

"இல்லை" என்றாள் நசீமா. "அவர் இறந்துவிட்டார்."

சொல்லிவிட்டாள்.

பின்னால் கேட்ட சிரிப்பு தூரமாகிப் போனது. அந்தப் பெண் கூட்டத்தைவிட்டு விலகி வந்திருக்க வேண்டும். வருத்தம் தெரிவித்தாள். பிறகு, எப்போது என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஜூனில்."

அந்தப் பெண் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். நசீமா அவளை முடிக்க விடவில்லை.

"ஏப்ரலில் இல்லை" என்றாள் அழுத்தமாக. "ஜூனில்."