பாதி விரல்

தம்பிக்குக் காரியம் முடிந்ததிலிருந்தே செங்கோடனுக்கு மணிக்கட்டில் ஒரே குடைச்சல். எண்ணெய்க் கட்டுக்கும் கேட்காததால் சங்ககிரிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தான்.

படத்தைப் பார்த்ததும் எக்ஸ்ரே எடுத்த நர்மதா சலித்துக்கொண்டாள். "எலும்பு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எடுக்கறப்ப யாருங்க கையப் புடிச்சது?"

"நா ஒண்டியாத்தானுங்க வந்தேன்."

திரையில் அவன் மணிக்கட்டை இன்னொரு கையின் எலும்புகள் இறுக்கிப் பிடித்திருந்தன. அதில் ஆட்காட்டி விரல் பாதிதான். தம்பி தறியில் விரலைக் கொடுத்தவன். கிணற்றுக்குள் தொங்கியபோது அண்ணனின் இந்தக் கையைத்தான் பற்றியிருந்தான். செங்கோடன்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

"ஆடாம வைங்க. பக்கவாட்டுல இன்னொண்ணு எடுக்கோணும்."

இரண்டாவது படத்தில் மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. அந்தக் கை இப்போது முழங்கையைப் பிடித்திருந்தது. தம்பி மேலே ஏறி வந்துகொண்டிருந்தான்.