பன்னில் தடவியது

கணவனின் போர்வையையும் டம்ளரையும் வாங்கிப்போகத்தான் பச்சையம்மா வந்திருந்தாள். காரியம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

தாம்பரம் டி.பி. வார்டின் நர்ஸ் மெட்டில்டா இரண்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் நகரவில்லை.

"சிஸ்டர், நான் அவருக்குக் கொண்டாந்தது வெண்ணெ இல்ல."

மெட்டில்டாவுக்கு முதலில் புரியவில்லை.

சிட்டிபாபு எலும்பும் தோலுமாகத்தான் வந்து படுத்தான். உடம்பு தேறினால்தான் மருந்தைத் தாங்கும், தினம் வெண்ணெய் கொடும்மா என்று டாக்டர் சொன்னார். மாடம்பாக்கத்தில் அவர்களுக்கு ஓர் எருமை இருந்தது. தயிர் கடைந்து, பன்னில் கனமாகத் தடவி, சாயங்காலம் பஸ் பிடித்துக் கொண்டுவருவாள் பச்சையம்மா.

பொங்கல் கழிந்ததும் எருமைக்குப் பால் வற்றிவிட்டதாம். அதை இப்போதுதான் சொன்னாள். கேம்ப் ரோடு பேக்கரியில் மார்ஜரின் வாங்கித் தடவியிருக்கிறாள். நம்ம வூட்டு வெண்ணெய்தான் என்று அவனிடம் சாதித்திருக்கிறாள்.

"மெய்யான வெண்ணெயா குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரு இல்ல? டால்டா மாதிரி கீற அதுல இன்னா சத்து கீது? நான்தான் சிஸ்டர் கொன்னுட்டேன்."

மெட்டில்டா அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. வெண்ணெயோ மார்ஜரினோ, ரெண்டுலயும் கலோரி ஒண்ணுதான். நூறு கிராமுக்கு எழுநூறுக்கு மேல. சதை வைக்கிறதுக்கு அது போதும். நீ ஒரு குறையும் வைக்கல."

"நெசமாவா?"

"ஏசு சத்தியமா."

பச்சையம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்து, மெட்டில்டாவின் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

மெட்டில்டா சொன்னதில் பொய் ஏதுமில்லை. படித்ததைத்தான் சொன்னாள்.

நோய் தொண்டைக்கு ஏறியபின் சிட்டிபாபுவால் எதையும் விழுங்க முடியவில்லை. கடைசி நாட்களில் குளுக்கோஸ்தான் அவனுக்கு ஆகாரம். மனைவி வந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, பன்னை மடியில் வைத்துக்கொண்டு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்பான். அவள் தலை மறைந்ததும் அதை அப்படியே பக்கத்துக் கட்டில் லாசரஸிடம் நீட்டுவான்.

"அதுகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். விடிகாலைல எழுந்து கடைஞ்சு எடுத்துகினு வருது."

லாசரஸ் நன்றாகச் சதை பிடித்து, போன வாரம்தான் வீட்டுக்குப் போனான்.